மின்னொலியும் உயிரொலியும்

புதிய இசைக்கருவி ஒன்று தோன்றும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுவது உலக இயல்பு. 'இக்கருவியால் இசை கெட்டது' என்பது ஒன்று. 'இனிப் பழைய கருவிகள் வேண்டா' என்பது மற்றொன்று. இராபர்ட் மோக் என்னும் அமெரிக்கப் பொறியியலார் 1964ஆம் ஆண்டு தம் மின்னொலிக் கருவியை அமைத்த நாள்தொட்டு, சிந்தசைசரைக் குறித்தும் இவ்விரு குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் கருவியைப் பற்றிப் பேசுகின்றனவே அல்லாமல், அதனால் ஆக்கப்பட்ட படைப்பைப் பற்றிப் பேசுவதில்லை. வீணையின் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வீணை இசைக்கு மதிப்பீடு கூறுவார் எவரும் இலர். மின்னொலிக்கு மட்டும் அந்த நீதி மறுக்கப்படுகின்றது.

இக்கருவியில் பிறந்த படைப்புகள் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒலி அவற்றில் எவ்வாறு வடிக்கப்பட்டது, எங்கு உயிர்பெற்றது, எங்கு உயிரிழந்தது என ஆராய்வது பயனுடையது. 1968இல் வெளிவந்த வெண்டி கார்லோசின் 'சுவிட்ச்டு-ஆன் பாக்', 1981இல் பாரிசு நகரில் அரங்கேறிய ஜான் சௌனிங்கின் 'ஃபோனே', 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் பதிவுசெய்த 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' ஆகியவை அம்மூன்று. இவற்றை அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். மின்னொலிக்கு உயிரைத் தருவது அதன் நிறம் மட்டும் அன்று. காலம் செல்லச் செல்ல அந்நிறமும் அளவும் சுருதியும் மாறும் மாற்றமே அதற்கு உயிர்.

ஒலி பிறக்கும் முறை

தமிழ் மாணவர்க்கு இக்கருவியின் அமைப்பு முற்றிலும் புதியதாகத் தோன்ற வேண்டியதில்லை. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கின்றது எனத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவதை அவர்கள் கற்றிருப்பர். எழும் காற்று ஒன்றே. வாய் திறக்க அது அகரமாகின்றது. இதழ் குவிய உகரமாகின்றது. மின்னொலிக் கருவியிலும் இவ்விரு கூறுகள் உள. அலையியற்றி என்னும் பகுதி மூல ஒலியைத் தருகின்றது. வடிப்பான் என்னும் பகுதி அம்மூல ஒலிக்கு வாயாக அமைகின்றது.

அலையியற்றி தரும் அலைகள் பல வடிவின. அவற்றுள் வாள்பல் வடிவ அலை மேற்சுரங்கள் யாவும் நிறைந்தது. அப்படியே கேட்டால் வண்டின் இரைச்சலை ஒத்திருக்கும். வடிப்பான் ஓர் எல்லையைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களைத் தணித்துவிடுகின்றது. எல்லையைக் கீழே இறக்கினால் ஒலி மங்கிக் குழைகின்றது. மேலே ஏற்றினால் ஒளிர்கின்றது. மோக் அமைத்து 1969இல் காப்புரிமை பெற்ற வடிப்பான், எல்லையைக் கடந்து அதிர்வெண் இருமடங்காகுந்தோறும் 24 டெசிபெல் அளவு ஒலியைத் தணிக்க வல்லது. எல்லையை ஒட்டிய அதிர்வெண்களை மட்டும் ஓங்கச் செய்யும் ஒத்ததிர்வு அமைப்பும் அதற்கு உண்டு. சிற்பி கல்லில் வேண்டாததை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்வது போல, வடிப்பான் நிறைந்த ஒலியிலிருந்து வேண்டிய ஒலியை வெளிக்கொணர்கின்றது.

எனினும், ஒரே நிலையில் நிறுத்தப்பட்ட வடிப்பான், 'ஆ' எனத் திறந்து மூடாத வாயைப் போன்றது. அதில் ஒலி உண்டு, பேச்சு இல்லை. நா அசைந்து, இதழ் குவிந்து விரிந்து, ஓர் ஒலி மற்றோர் ஒலியாக மாறும்போதே சொல் பிறக்கின்றது.

எழுதலும் தணிதலும்

ஓர் ஒலி இன்ன கருவியின் ஒலி எனச் செவி அறிவது எதனால்? நிறத்தால் என்பதே பலரின் விடை. 1948இல் பிரெஞ்சு நாட்டுப் பியர் ஷேஃபர் செய்து பார்த்த ஒரு முயற்சி இதற்கு மாறான விடையைத் தந்தது. பதிவுசெய்த மணியோசையிலிருந்து, நாக்கு மணியைத் தாக்கும் தொடக்கப் பகுதியை மட்டும் அவர் நீக்கினார். எஞ்சியது மணியோசையாகத் தோன்றவில்லை. ஊதுகருவியின் ஒலி போல இருந்தது. நிறம் அதுவே, தொடக்கம் போயிற்று, அதனோடு மணியும் போயிற்று.

ஒலி எழுந்து நின்று மறையும் இவ்வடிவத்தைப் பொறியியலார் 'என்வெலப்' என்பர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்னிசைக் கூடத்தை நடத்திய விளாடிமிர் உசச்செவ்ஸ்கி, இவ்வடிவத்தை ஆளும் உறுப்பு இன்னவாறு அமைய வேண்டும் என 1965இல் மோக்கிடம் வரையறுத்துக் கூறினார். அதன்படி ஒலியின் வாழ்நாள் நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டது. விசையை அழுத்தியதும் ஒலி உச்சத்தை அடையும் எழுச்சி முதலாவது. உச்சத்திலிருந்து சற்று இறங்கும் தணிவு இரண்டாவது. விசை அழுந்தியிருக்கும்வரை தங்கும் நிலைப்பு மூன்றாவது. விசையை விட்டபின் மறையும் ஓய்வு நான்காவது. எழுச்சி நொடியில் முடிந்து உடனே தணிந்தால், தந்தியை மீட்டியது போன்ற ஒலி. எழுச்சி மெல்ல நிகழ்ந்தால், வில்லால் இழைத்தது போன்ற ஒலி. எழுத்திற்கு மாத்திரை கூறிய இலக்கணம் காலத்தின் நீளத்தை அளந்தது. என்வெலப் அந்நீளத்தினுள் ஒலி கொள்ளும் உருவத்தையும் வரைகின்றது.

இவ்வுறுப்பு ஒலியின் அளவை மட்டுமன்றி வடிப்பானின் எல்லையையும் ஆளக்கூடும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1960களில் எக்காள ஒலியைக் கணினியால் ஆராய்ந்த ழான்-கிளோட் ரிசே, ஒலி ஓங்க ஓங்க அதன் மேற்சுரங்களும் பெருகுகின்றன எனக் கண்டார். எக்காளத்தின் வீறு அங்கேதான் உறைகின்றது. ஒலி உயர்வதோடு வடிப்பானும் திறக்குமாறு அமைத்தால் மின்னொலியிலும் அவ்வீறு தோன்றும்.

பாக்கின் இசையும் மோக்கின் கருவியும்

இசையும் இயற்பியலும் ஒருங்கே கற்ற வெண்டி கார்லோஸ், உசச்செவ்ஸ்கியின் கூடத்தில் பயின்றவர். அவர் கையிலிருந்த கருவி ஒரு வேளையில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்க வல்லது. பல குரல்கள் ஒருங்கே இயங்கும் பாக்கின் இசையை அவர் ஒவ்வொரு குரலாக இசைத்து, எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தார். சுருதி அடிக்கடி பிறழ்ந்தது. சிறிது இசைப்பதும், நிறுத்திச் சுருதி சேர்ப்பதும், மீண்டும் இசைப்பதுமாகத் திங்கள் பல கழிந்தன. விரலின் வன்மை மென்மைகளை உணரும் விசைப்பலகை ஒன்றையும் அவர் மோக்கிடம் கேட்டுப் பெற்றார். 1970இல் அவ்விசைத்தட்டு மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. பின்னாளில் அதன் விற்பனை பத்து இலட்சத்தைக் கடந்தது.

வெற்றியின் காரணம் புதுமை என்று கூறுவது எளிது. ஆயின், அவ்விசைத்தட்டின் வெற்றியைக் கண்டு அடுத்தடுத்து வெளிவந்த மோக் இசைத்தட்டுகள் பலவும் அதே வகைக் கருவியால் ஆக்கப்பட்டவை. பழைய தட்டுக் கடைகளின் அடுக்குகளில் அவை இன்று விளையாட்டுப் பொருள்களாகக் கிடக்கின்றன. வேறுபாடு கருவியில் இருந்திருக்க இயலாது.

இரு குரல்களுக்கென பாக் இயற்றிய சிற்றிசைகள் மூன்று இத்தட்டில் உள்ளன. அவற்றைச் செவிமடுத்தால் வேறுபாட்டின் காரணம் விளங்கும். ஒரு குரல் கூரிய எழுச்சியோடு தெறித்து மறைகின்றது. மறுகுரல் சற்று உருண்டு எழுந்து தங்குகின்றது. இரண்டும் ஒன்றையொன்று துரத்தும்போது, எது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைப் பயிலாத செவியும் பின்தொடர முடிகின்றது. பாக்கின் கலை பல குரல்களின் உரையாடல். கார்லோஸ் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி ஒலிவடிவம் தந்ததால் அவ்வுரையாடல் தெளிவடைகின்றது. வயலினைப் போல ஒலிக்கச் செய்வது அவர் நோக்கமாக இருந்திருப்பின், போலி வயலின் ஒன்றே கிடைத்திருக்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. நீண்ட சுரங்களால் இயன்ற 'ஏர்' என்னும் மெல்லிசையில் தளர்ச்சி தெரிகின்றது. நிலைப்பு என்னும் மூன்றாம் நிலையில் ஒலி சமவெளியாக நீண்டு கிடக்கின்றது. வில்லின் அழுத்தம் மாறுவதால் வயலினில் இயல்பாக அமையும் ஏற்ற இறக்கம் அங்கே போதிய அளவில் இல்லை. மூன்றாம் பிராண்டன்பர்க் இசையின் நடுப்பகுதி மற்றொரு குறை. பாக் அவ்விடத்தில் இரண்டே இசைக்கூட்டுகளை எழுதி, எஞ்சியதை இசைப்பவரிடம் விட்டுவிட்டார். கார்லோஸ் அவ்விடைவெளியைக் கருவியின் விந்தை ஒலிகளால் நிரப்பினார். ஏனைய இடங்களில் கருவியை மறந்து இசையைக் கேட்ட செவி, அங்கே இசையை மறந்து கருவியைக் கேட்கின்றது.

நடுக்கம் தரும் உயிர்

சமவெளியாகக் கிடக்கும் நிலைப்பிற்கு மருந்து, பண்பேற்றம் என்னும் மூன்றாம் உறுப்பு. ஓர் அலை மற்றோர் அலையின் இயல்பை இடையறாது மாற்றுவதே பண்பேற்றம். விநாடிக்கு ஐந்தாறு முறை அசையும் மெதுவான அலையொன்று சுருதியை மேலும் கீழும் சிறிதளவு அசைத்தால், பாடகரின் குரலில் கேட்கும் நடுக்கம் பிறக்கும். அவ்வலை வடிப்பானை அசைத்தால் ஒலியின் நிறம் அசையும். அளவை அசைத்தால் ஒலி துடிக்கும்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சௌனிங், 1967இல் கணினியில் இந்நடுக்கத்தை விரைவுபடுத்திப் பார்த்தார். விரைவு மிக மிக, நடுக்கம் நடுக்கமாகக் கேட்பது நின்றது; அதன் இடத்தில் புதியதொரு ஒலிநிறம் பிறந்தது. இரண்டே எளிய அலைகளைக் கொண்டு மணி, எக்காளம் முதலிய ஒலிகளை ஒப்பனவற்றை ஆக்கும் முறையை 1973இல் அவர் கட்டுரையாக வெளியிட்டார். அதிர்வெண் பண்பேற்றம் என வழங்கும் முறை அதுவே.

எனினும் சௌனிங்கின் கலைத்திறனை அக்கண்டுபிடிப்பை விட 'ஃபோனே' என்னும் படைப்பே சிறப்பாகக் காட்டுகின்றது. ஃபோனே என்பது குரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதில் மணியோசையைப் போன்ற ஒலிகள் தோன்றுகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவை பெண்டிர் பாடும் குரலாக மாறுகின்றன. பாடியவர் எவரும் இலர். யாவும் கணினி இயற்றியவை. மாற்றம் நிகழும் வழி வியப்புக்குரியது. ஒரு குரலுக்குரிய மேற்சுரங்கள் யாவும் சரியான அளவில் ஒலித்தபோதிலும், அவை அசையாது நின்றால் செவி அவற்றைக் குரலாக ஏற்பதில்லை. அவை அனைத்தும் ஒருங்கே, சிறிது ஒழுங்கற்று, நடுங்கத் தொடங்கிய கணத்தில், சிதறிக் கிடந்தவை ஒன்றாகி ஒரு மனிதக் குரலாக எழுகின்றன.

குழலையும் யாழையும் விட மக்களின் மழலையே இனிது என்று வள்ளுவர் கண்டதை இங்கு நினைத்துப் பார்ப்பது பொருந்தும். மழலையில் ஒழுங்கு குறைவு, உயிர் மிகுதி. செவி உயிரைத் தேடும்போது பிழையின்மையைத் தேடுவதில்லை. ஓர் உயிரின் இயக்கத்தையே தேடுகின்றது. 'ஃபோனே' அறிவியல் விளக்கமாக நின்றுவிடாமல் கலையாக உயர்வது, அவ்வுயிர் தோன்றும் கணத்தையே தன் கருப்பொருளாகக் கொண்டமையால்தான்.

இராகமும் இயந்திரத் தாளமும்

அடுத்த ஆண்டில் பம்பாயில் பிறந்த படைப்பு வேறு வகையினது. சரண்ஜித் சிங் இந்தித் திரையிசைக் குழுக்களில் கருவி இசைத்து வந்தவர். ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் சிந்தசைசரையும், அந்நிறுவனத்தின் தாளக் கருவியையும், டி.பி. 303 என்னும் சிறு கருவியையும் கொண்டு பத்து இந்துஸ்தானி இராகங்களை அவர் டிஸ்கோ தாளத்தில் இசைத்தார். வெளிவந்த காலத்தில் அத்தட்டைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2010இல் மறுபதிப்பாக வெளிவந்தபோது உலகெங்கும் பேசப்பட்டது. 1987இல் சிகாகோ நகரில் இதே சிறு கருவியைக் கொண்டு ஆக்கப்பட்ட 'ஆசிட்' நடன இசையின் சாயலை இத்தட்டு ஐந்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது என்பதே அப்பேச்சு.

முந்தியது என்பது வரலாற்றுச் செய்தி. சிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. தட்டின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. டி.பி. 303 கிதார் இசைப்பவர்க்குத் துணையாகக் கீழ்ச்சுரங்களை ஒலிப்பதற்கென 1981இல் விற்பனைக்கு வந்தது. முன்னரே பதித்த சிறு சுரவரிசையை அது மீண்டும் மீண்டும் ஒலிக்கும். சுரவரிசை மாறாதிருக்க, வடிப்பானின் எல்லையையும் ஒத்ததிர்வையும் கையால் திருகும்போது, அதே சுரங்கள் ஒரு சமயம் அடங்கி முணுமுணுக்கின்றன. ஒரு சமயம் வாய் திறந்து கூவுகின்றன. சொல் ஒன்றே, சொல்லும் தொனி மாறுகின்றது. ஒரே அடியை வெவ்வேறு உணர்ச்சியில் திரும்பப் பாடிக் காட்டும் பாடகரின் முறைக்கு இது அணித்தாக வருகின்றது.

ஆனால் இராகம் என்னும் அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது தட்டு முழுதும் தேறவில்லை. டி.பி. 303 ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்ல வல்லது. அவ்வழுக்கல் எவ்விடத்தும் ஒரே தன்மையது. இராகத்தின் அசைவோ இடத்திற்கு இடம் வேறுபடுவது. ஒரு சுரத்தை எவ்வளவு தொட வேண்டும், எங்கே தயங்க வேண்டும் என்பதை இராகமே முடிவு செய்கின்றது. ஐந்து சுரங்களால் இயன்ற பூபாலி இப்பெயர்ச்சியைத் தாங்கி நிற்கின்றது. தோடியின் தாழ்ந்த காந்தாரம், பன்னிரண்டு சமபங்காகப் பிரித்த விசைப்பலகையில் தன் உருக்கத்தை இழக்கின்றது. வைகறைக்குரிய லலித்தும் இரவுக்குரிய மால்கௌன்சும் ஒரே தாளத்தின் மேல் ஓடுகின்றன. பொழுதின் உணர்வு தாளத்தில் கரைந்துவிடுகின்றது. தட்டின் தலைப்பே இதனை மறைக்காமல் கூறிவிடுவதால் ஏமாற்றம் என்று சொல்வதற்கில்லை. துணிந்த முயற்சி, பாதி வெற்றி, அப்பாதி வெற்றியும் வடிப்பானைத் திருகிய கையால் வந்தது.

ஆயத்த ஒலிகள்

1983இல் யமஹா நிறுவனம் சௌனிங்கின் முறையைக் கொண்டு டி.எக்ஸ். 7 என்னும் கருவியை வெளியிட்டது. நூறாயிரத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது விற்பனையாயிற்று. முந்தைய கருவிகளில் திருகுமுனைகள் வரிசையாக இருந்தன. கை தானே சென்று ஒலியை மாற்றும். டி.எக்ஸ். 7இல் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, சிறு திரையில் எண்களைப் படித்து மாற்ற வேண்டும். அது கடினம். ஆயத்தமாக 32 ஒலிகள் கருவியிலேயே இருந்தன. அது எளிது. மக்கள் எளியதை மேற்கொண்டனர். அதன் ஆயத்த மின்பியானோ ஒலி 1980களின் காதற் பாடல்கள் பலவற்றில் அப்படியே கேட்கின்றது.

குற்றம் கருவியினது ஆகாது. விரலின் அழுத்தத்திற்கேற்ப அளவும் நிறமும் மாறும் நுண்மை டி.எக்ஸ். 7க்கு உண்டு. பிரையன் ஈனோ போன்றோர் அதன் உள்ளமைப்பைக் கற்றுத் தமக்குரிய ஒலிகளை ஆக்கிக்கொண்டனர். கார்லோசுக்கு ஆயத்த ஒலி கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் வடித்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. கட்டாயம் நீங்கிய பின்னும் வடிப்பவரே கலைஞர். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான ஆயத்த ஒலிகள் கிடைக்கின்றன. தெரிவு பெருகியது, வடிக்கும் பழக்கம் பெருகியதாகக் கூற இயலாது.

மொழி கற்பிப்போர்க்கு இந்நிலை புதியதன்று. தேர்வுக்கென மனனம் செய்த கட்டுரையில் தொடர்கள் பிழையின்றி இருக்கும். உவமைகள் உரிய இடத்தில் இருக்கும். முடிவில் பொன்மொழியும் இருக்கும். நாற்பது மாணவரின் தாள்களில் அதே உவமை நாற்பது முறை வரும்போது, அதன் குறை திருத்தும் ஆசிரியர்க்குத் தெரிகின்றது. அதில் எழுதியவர் எங்கும் இல்லை. தட்டுத்தடுமாறித் தன் ஊர் மழையைத் தன் சொல்லில் எழுதிய மாணவரின் தாளில் பிழைகள் இருக்கலாம். அங்கே ஒரு குரல் நடுங்குகின்றது. அந்நடுக்கத்தால் அது குரலாகின்றது.

ஆதலின் மின்னிசையைச் செவிமடுக்கும் மாணவர்க்கு மூன்று வினாக்களைக் கற்பிப்பது தகும். ஒலி எவ்வாறு தொடங்கி எவ்வாறு மறைகின்றது? நிற்கும்போது அது அசைகின்றதா, உறைந்து கிடக்கின்றதா? திரும்ப வரும்போது முன்போலவே வருகின்றதா, மாறி வருகின்றதா? இவ்வினாக்களை மனத்தில் இருத்தி, கார்லோசின் இருகுரல் இசை ஒன்றை வகுப்பில் ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மாணவரைக் கவனிக்கச் செய்யலாம். பின்னர் அவரவர் எழுதிய கட்டுரையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதே மூன்று வினாக்களை அதன் தொடர்களிடமும் கேட்கச் செய்யலாம். இசைக்கெனப் பயின்ற செவி மொழிக்கும் உதவும். அச்செவியை வளர்ப்பது ஆசிரியர் கடன்.